தொடக்கூடாத வால்வு

லாஸ்பேட்டையில் ஏ.டி.ஆர். விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம் விமானிகள் போடும் ஒரு கூட்டல் கணக்கு நினைவுக்கு வரும். தொட்டிகளில் மிச்சம் இருப்பதையும் இதுவரை எரிந்ததையும் கூட்டினால், புறப்பட்டபோது இருந்த அளவு வர வேண்டும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வீட்டு வரவுசெலவு நோட்டு மாதிரி எளிய கணக்கு. பறக்கும்போது அதை விடாமல் போட்டுப் பார்ப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அடுத்த வேலைதான் கடினம். ஒரு இறக்கையில் எரிபொருள் குறைந்தால், மறுபக்கத் தொட்டியோடு இணைக்கும் வால்வைத் திறந்துவிட்டுச் சமன்செய்யக் கை பரபரக்கும். ஒழுகல் என்றால் அந்த வால்வைத் தொடக்கூடாது. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொரொன்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் 236இல் அது திறக்கப்பட்டது. வலது எஞ்சினில், பக்கத்துக் குழாயோடு உரசி விரிசல் கண்டிருந்த எரிபொருள் குழாய் வழியே நல்ல தொட்டியும் காலியானது. இரண்டு எஞ்சினும் நின்றபின் கேப்டன் ராபர்ட் பிஷே ஏர்பஸ் ஏ330ஐ சுமார் 19 நிமிடம் மிதக்கவிட்டு, அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் தளத்தில் இறக்கினார். 306 பேரும் பிழைத்தார்கள். அசாத்தியமான கை!

அதைவிட நான் ரசிப்பது பேசப்படாத விமானிகளை. ஜன்னல் வழியே எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் வெள்ளையாகப் பீறுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கசிவு எஞ்சினில்தான் என்று உறுதியானால் அதை அணைத்து, மற்றதை நம்பிப் பக்கத்து ஊரில் இறங்கிவிடுவார்கள். 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம், எரிபொருள் கசிவென்று வாரணாசியில் இறங்கியது. 166 பேரும் பத்திரம்.