மங்கல் தன்னியங்கிகளில் நிலைக்குறைப்பு: ஒரு மொழியியல் மதிப்பீடு

1965இல் லாட்ஃபி சாதே முன்வைத்த மங்கல் கணக் கோட்பாடு சில ஆண்டுகளுக்குள்ளாகவே தன்னியங்கிக் கோட்பாட்டில் இடம்பெற்றது. ஒரு தொடரை ஏற்பது, மறுப்பது என்னும் இரண்டே முடிவுகளுக்கு மாற்றாக, 0 முதல் 1 வரையுள்ள ஏற்பளவு ஒன்றை மங்கல் தன்னியங்கி தருகிறது. இதனைத் 'தெளிவற்ற தன்னியங்கி' எனப் பெயர்ப்போரும் உளர். அச்சொல் பொருத்தமன்று. இயந்திரம் தரும் அளவு திட்டவட்டமானதே. தெளிவின்மை எனில் அது நம் வழக்கில் உள்ளது.

நிலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இத்துறையின் பழைய சிக்கல். உறுதித் தன்னியங்கிக்கு 1971இல் ஹாப்கிராஃப்ட் விரைவான வழி கண்டார். உறுதியிலாத் தன்னியங்கிக்கு மீச்சிறு வடிவம் காண்பது கணிப்பில் மிகக் கடினம் என்பது 1993இல் நிறுவப்பெற்றது. மங்கல் தன்னியங்கி இக்கடுமையினின்று தப்பவில்லை. சிரிச் முதலிய நால்வர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மீச்சிறுமையை வற்புறுத்தாமல், மங்கல் உறவுச் சமன்பாடுகளின் வழியே இயன்ற அளவு குறைப்பதை நோக்கமாகக் கொண்டது. இந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

ஆயினும் மொழியியலார் இவ்வாய்வைப் படிக்கும்போது ஒரு பிழை நேர எளிது. மங்கல் நிகர்மை என்றதும், ஏறத்தாழ ஒத்த நிலைகள் ஒன்றாக்கப்படும் என எண்ணிவிடுகிறோம். அவ்வாறன்று. நிகர்மையின் அளவு 1 ஆக உள்ள நிலைகளே இணைகின்றன. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம் (இங்குள்ள எண்கள் விளக்கத்திற்காக யான் இட்டவை). குதிரை என்பது பால்பகா அஃறிணைப் பெயர். 'குதிரை வந்தது', 'குதிரை வந்தன' ஆகிய இரண்டையும் நன்னூல் மரபு ஏற்கும். இரண்டிற்கும் 1 இடுவோம். 'குதிரைகள் வந்தன' என்பதற்கும் 1. பேச்சில் பெருவழக்காயும் எழுத்தில் குறையாயும் உள்ள 'குதிரைகள் வந்தது' என்பதற்கு 0.5. ஏற்பு, மறுப்பு மட்டுமே அறிந்த தன்னியங்கிக்கு 'குதிரை', 'குதிரைகள்' ஆகியவற்றின் பின்னுள்ள நிலைகள் இரண்டும் ஒன்றே, அது இணைத்துவிடும். மங்கல் தன்னியங்கியில் அவற்றின் நிகர்மை 0.5 மட்டுமே, எனவே அவை பிரிந்தே நிற்கும். ஏறத்தாழ ஒத்தவை என்று நாமே இணைத்தால், மீப்பெரு மதிப்பு மேலோங்கி, 'குதிரைகள் வந்தது' என்பதும் 1 பெறும். வழக்கின் தரவேறுபாடு ஓசையின்றி அழிந்துவிடும்.

எனது மறுப்பு குறைப்பு முறையின்மீதன்று. அதற்கு முன்னரே தேர்ந்துகொள்ளப்படும் சிறுமம் என்னும் செயலின்மீது. ஒரு பாதையின் மதிப்பு அதன் மிக வலுவற்ற கண்ணியின் மதிப்பே என இச்செயல் கொள்கிறது. வல்லினம் மிகாத 'அந்த குதிரைகள்' என்பதற்கு 0.5 இட்டால், 'அந்த குதிரைகள் வந்தன', 'அந்தக் குதிரைகள் வந்தது', 'அந்த குதிரைகள் வந்தது' ஆகிய மூன்றும் 0.5 பெறுகின்றன. ஒரு குறையும் இரு குறையும் சமமாகின்றன! எந்தத் தமிழாசிரியரும் இதனை ஒப்பார். பெருக்கலைக் கொண்டால் மூன்றாவது 0.25 ஆகும், நம் உணர்வுக்கு அது அணித்தானது.

அவ்வாறாயின் சிறுமத்தை ஏன் விரும்புகின்றனர்? சிறுமமும் பெருமமும் புதிய மதிப்புகளைத் தோற்றுவிப்பதில்லை. ஆகவே கணிப்பு முடிவுறுகிறது. பெருக்கலிலோ சுழல் ஒன்று இருப்பினும் 0.5, 0.25, 0.125 என மதிப்புகள் முடிவின்றிப் பெருகலாம். சமன்பாட்டைத் தீர்க்கும் படிமுறை முடியாமலே போகலாம். கணிதர்க்கு இது தக்க காரணம். மொழியின் தரவேறுபாடு கணிப்பின் வசதிக்கேற்ப வளைக்கப்படுகிறது என்பதை மொழியியலார் மறத்தல் ஆகாது.

இன்னொன்று. வலமாறா நிகர்மை ஒரு நிலைக்குப் பின் வருவதை மட்டுமே நோக்கும். இடமாறா நிகர்மை முன் வந்ததை மட்டுமே நோக்கும். ஒரு நிலையை 0.5 அளவில் மட்டுமே அடைய முடியுமெனில், அதன் பின்னுள்ள 1, 0.5 என்னும் வேறுபாடு சிறுமத்தில் வெளிப்படுவதே இல்லை. வலமாறா நிகர்மை அதனை அறியாது; பிரித்தே வைத்திருக்கும். இரண்டையும் மாறிமாறிக் கையாளுவதால் பயன் மிகுமேனும், மீச்சிறு வடிவம் கிட்டும் என்னும் உறுதி இல்லை.

தமிழ் வினைமுற்றில் பகுதி, இடைநிலை, விகுதி என உறுப்புகளின் வரிசை அளவுக்குட்பட்டது. துணைவினைகளை நீக்கிப் பார்த்தால் சுழல் இல்லை. சுழல் இல்லாதவிடத்துப் பாதைகள் எண்ணில் அடங்கும். பெருக்கலால் தோன்றும் மதிப்புகளும் அடங்கும். சொற்பகுப்பிகளில் சிறுமத்தைக் கைக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் கருத்து. சுழல்கள் மலிந்த தொடரமைப்பிற்கு இவ்விடை பொருந்தாது.