அடுக்கில் அமர்ந்த இரண்டு

நிலைமின்னியல் பாடம் தொடங்கிய சில பக்கங்களிலேயே கூலும் விதி வந்துவிடும். இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும் தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து, எண்களை இட்டு, கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்தச் சமன்பாட்டில் தொலைவின் தலைமேல் சிறிதாக அமர்ந்திருக்கும் 2தான் எனக்கு இயற்பியலிலேயே மிகப் பிடித்த எண். 1.99 அல்ல, 2.01 அல்ல, 2. அது கண்டறியப்பட்ட விதத்தில் ஒவ்வொரு நுணுக்கமும் நின்று ரசிக்கத் தக்கது.

கூலும் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். முறுக்கிய கம்பி எவ்வளவு விசையோடு எதிர்க்கும் என்பதை 1784இல் ஆராய்ந்து எழுதினார். மறு ஆண்டே அந்த அறிவை முறுக்குத் தராசாக்கி மின்விசையை அளந்தார். கண்ணாடி உருளைக்குள் நுண்ணிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சி கிடையாகத் தொங்கும். அதன் நுனியில் ஒரு நெட்டிப் பந்து, அதையொட்டி அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் தந்ததும் அவை 36 பாகை விலகின. கம்பியின் மேல்முனையை 126 பாகை திருகியபோது இடைவெளி 18 ஆனது. இப்போது கம்பியின் மொத்த முறுக்கு 144, அதாவது 36இன் நான்கு மடங்கு. 567 பாகை வரை திருகினார். இடைவெளி எட்டரைக்குச் சுருங்கியது, மொத்த முறுக்கு 575.5. பதினாறு மடங்கென்றால் 576.

சரியான கால்வாசி ஒன்பது பாகை. கிடைத்ததோ எட்டரை. கூலும் அந்த அரைப் பாகையை மறைக்கவில்லை. சோதனை நடக்கும்போதே பந்துகளின் மின்னூட்டம் சிறிது கசிகிறது என்பதையும் சேர்த்தே எழுதினார். மூன்றே அளவீடுகளில் ஒரு விதி துலங்குவதும், அதன் குறையும் அதே தாளில் பதிவாவதும் சேர்ந்ததுதான் அந்தச் சோதனையின் அழகு.

ஆனால் இதே 2ஐ விசையை அளக்காமலே பிடிக்க இன்னொரு வழி இருந்தது. அது கூலுமுக்கும் மூத்தது. 1755இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னேற்றிய வெள்ளிப் பாத்திரத்துக்குள் பட்டு நூலில் கட்டிய தக்கையை இறக்கினார். வெளிப்புறத்தில் ஈர்க்கப்படும் தக்கை உள்ளே ஈர்க்கப்படவில்லை. அடியைத் தொட்டுவிட்டு வந்தும் மின்னூட்டம் இல்லாமலே வந்தது. இதை அறிந்து தானும் செய்துபார்த்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767இல் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். உள்ளீடற்ற கோளக்கூட்டின் உள்ளே ஈர்ப்புவிசை இராது என்பதை நியூட்டன் இருமடி விதியிலிருந்தே நிறுவியிருந்தார். அப்படியானால் மின்விசையும் அதே விதிக்கு உட்பட்டதாகத்தானே இருக்க வேண்டும்?

நியூட்டனின் அந்த வாதத்தைக் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். கூட்டின் மேல் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கட்டும். நடுவில் நின்றால் விசை சுழி என்பதில் வியப்பில்லை, எல்லாப் பக்கமும் சமம். ஒரு சுவரை ஒட்டி நின்றால்? அங்கிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரு ஒல்லியான கூம்புகளை வரையுங்கள். மூன்று மடங்கு தொலைவில் உள்ள சுவரில் கூம்பு வெட்டும் துண்டு, பரப்பில் ஒன்பது மடங்கு பெரிது, ஆகவே மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. தொலைவு மூன்று மடங்கு என்பதால் விசையோ ஒன்பதில் ஒரு பங்கு. பெருக்கமும் சுருக்கமும் ஒன்றையொன்று முழுதாக அழித்துவிடுகின்றன. எங்கே நின்றாலும், எந்தத் திசையில் வரைந்தாலும் இதே கதைதான். அடுக்கு 2ஐவிடச் சிறிது கூடினாலும் குறைந்தாலும் கணக்கு நேராகாது. உள்ளே ஏதோ ஒரு விசை எஞ்சும்.

அப்படி எஞ்சுவது உண்டா என்று 1770களின் தொடக்கத்தில் தேடியவர் ஹென்றி கேவண்டிஷ். ஓர் அடி விட்டத்துக்குச் சற்றே கூடுதலான ஓர் உருண்டை. அதைத் தொடாமல் சுற்றி மூடும் இரண்டு அரைக்கோளங்கள், அட்டையில் செய்து வெள்ளீயத் தகடு ஒட்டியவை. உருண்டையையும் வெளிக்கூட்டையும் ஒரு கம்பி இணைத்தது. வெளிக்கூட்டுக்கு மின்னேற்றி, பட்டு நூலால் கம்பியை இழுத்தெடுத்து, அரைக்கோளங்களைப் பிரித்து, உள்ளுருண்டையை நெட்டிப் பந்துகளால் சோதித்தார். பந்துகள் அசையவில்லை.

இதன்பிறகு அவர் செய்ததுதான் என்னை மிகவும் கவர்வது. அசையவில்லை என்பதோடு அவர் நிறைவடையவில்லை. உள்ளே எவ்வளவு குறைந்த மின்னூட்டம் இருந்தால் இந்தப் பந்துகள் அசையும் என்று தனியே சோதித்தார். வெளிக்கூட்டில் உள்ளதில் அறுபதில் ஒரு பங்கு இருந்திருந்தால் கூடத் தெரிந்திருக்கும். அதைக் கொண்டு கணக்கிட்டு, அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று எழுதிவைத்தார். வெளியிடவில்லை. நூறாண்டு கழித்து அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்த மாக்ஸ்வெல், சோதனையை மீண்டும் நடத்தி அந்த வரம்பை 21,600இல் ஒரு பங்காகச் சுருக்கினார்.

ஏன் 2? மின்புலக் கோடுகளைப் பார்த்தால் விளங்கும். மின்னூட்டத்திலிருந்து புறப்படும் கோடுகள் வெற்றிடத்தில் புதிதாகப் பிறப்பதும் இல்லை, முடிவதும் இல்லை. தொலைவு இரட்டித்தால் அவை நான்கு மடங்கு பெரிய கோளப் பரப்பில் பரவ வேண்டும், நெருக்கம் கால்வாசியாகும். நாம் வாழும் வெளிக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று பரிமாணங்கள் இருப்பதுதான் அந்தச் சிறிய எண்ணில் பதிந்திருக்கிறது.

1936இல் பிளிம்ப்டனும் லாட்டனும் மாக்ஸ்வெல்லின் வரம்பை நூறு கோடியில் இரண்டு பங்காக்கினார்கள். 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகியோர் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கடத்திக் கூடுகளைக் கொண்டு செய்த சோதனைக்குப் பின், 2க்கு அப்பால் புள்ளி வைத்துப் பதினைந்து சுழியங்களைத் தயங்காமல் எழுதலாம். கருவிகள் எத்தனையோ மாறின. கேவண்டிஷின் முறை மாறவில்லை: உள்ளே தேடு, எதுவும் கிடைக்காவிட்டால் எவ்வளவு இருந்தால் கிடைத்திருக்கும் என்பதையும் சொல். கூலும் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். இல்லை என்று சொல்வதற்கும் அளவு உண்டு என்று கற்ற மாணவர், அறிவியலின் பாதியைக் கற்றுவிட்டார்.