விழிநடுக்கச் சிகிச்சைகள்: ஒரு திறனாய்வு

பிறந்த இரண்டு மூன்று மாதங்களில் சில குழந்தைகளின் விழிகள் இரண்டும் ஓயாமல் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகின்றன. மருத்துவர்கள் இதனை நிஸ்டாக்மஸ் என்பர்; நாம் விழிநடுக்கம் எனலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து குழந்தையுடன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறும் தாயின் கேள்வி ஒன்றுதான்: "டாக்டரம்மா, இந்த ஆட்டம் நிக்குமா?"

இதற்கு நலவாழ்வுக் கட்டுரைகள் கண்ணாடி, மாத்திரை, அறுவை என்றொரு பட்டியலை விடையாகத் தருகின்றன. பட்டியல் தவறன்று. ஆனால் இவற்றுள் எதுவும் ஆட்டத்தை அடியோடு நிறுத்துவதில்லை என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. அதுவே குறை.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணாடி ஆட்டத்திற்கன்று; உடனிருக்கும் கிட்டப்பார்வை போன்ற குறைகளுக்கே. 1953-ல் ஆண்டர்சன், கெஸ்டன்பாம் இருவரும் தனித்தனியே வெளியிட்ட அறுவை முறையின் நோக்கமும் வேறு. பல குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்க்கையில் ஆட்டம் குறையும். அதற்காகவே தலையைத் திருப்பி வைத்துக்கொள்கின்றன. கண் தசைகளை இடம் மாற்றி, அந்த அமைதியான நிலையை நேர்முன்னே கொண்டுவருவதே அவ்வறுவை. இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், காபாபென்டின், மெமன்டின் மருந்துகள் பார்வையைச் சற்று மேம்படுத்தின. ஆனால் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் வயது வந்தோர். அம்முடிவைக் கைக்குழந்தைக்குப் பொருத்துவது முறையாகாது.

பட்டியலுக்கு முன் வரவேண்டியது காரணம். கண்புரை, நிறமிக் குறைவு, விழித்திரைக் கோளாறு, சில வேளை மூளைக் கோளாறு ஆகியவற்றின் அடையாளமாகவும் விழிகள் ஆடலாம். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களிலேயே அகற்றுவது நல்லது. ஆட்டம் கண்ட பின்னும் 'வளர வளரச் சரியாகும்' என்று காத்திருந்தால் பார்வையே இழப்பாகும். இதற்கான பரிசோதனைக்கு இன்று மதுரை வரை செல்ல வேண்டுவதில்லை. திருநெல்வேலியிலேயே 1965-ல் மருத்துவக் கல்லூரியும், 1988-ல் அரவிந்த் கண் மருத்துவமனையும் தொடங்கப்பெற்றன.

இன்னொன்று. இவ்வாறு சிறுவயதில் தொடங்கும் நடுக்கத்தில், உலகம் ஆடுவதாகக் குழந்தைக்குப் பொதுவாகத் தோன்றுவதில்லை. ஆட்டம் தெரிவது நமக்குத்தான். எனவே, "நிற்குமா?" என்பதைவிட, "ஏன் ஆடுகிறது? எவ்வளவு தெரிகிறது?" என்று கேட்பதே பயன் தரும்.

பின்னாளில் வகுப்பில் அச்சிறுவன் தலையைத் திருப்பிக் கரும்பலகையைப் பார்க்கும்போது, "நேராகப் பார்" என்று அதட்டாதீர்கள். அவன் தனக்கு நன்றாகத் தெரியும் வழியில்தான் பார்க்கிறான்.