பாடியை விடுங்க, அடியைப் பாருங்க

நாமக்கல்காரர்களுக்கு லாரியைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கேபின்கூட இல்லாத மொட்டைச் சேஸிஸை வெயிலில் ஓட்டிவரும் டிரைவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அந்த மொட்டை வண்டி பட்டறைக்குள் போய், பாடி கட்டி, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து வெளியே வரும். நமக்குப் பாடி என்பது சட்டை. வண்டி அடியில் இருக்கிறது. பழைய மிலிட்டரி லாரி ஒன்றை யாரோ வீட்டு ஷெட்டில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனால், இந்தப் பழக்கத்தை மறக்காமல் கூட்டிப்போங்கள்.

ராசிபுரம் பக்கம் நான் பார்த்தது ஒரு சக்திமான். கூண்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சுவரை இடித்து, கோழி ஷெட்டுக்குள் ஏற்றியிருந்தார் உரிமையாளர். டிவியில் வந்த சக்திமானுக்கு முப்பத்தெட்டு வருடம் மூத்தது இந்த லாரி வகை. ஜெர்மனியின் மேன் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, 1959-ல் ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்ட ஆரம்பித்த மூக்கு வண்டி. 1965, 1971 போர்களில் ஆளும் சரக்கும் சுமந்தது இந்த வகைதான்.

போனதும் மூக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காதீர்கள். பக்கவாட்டில் குத்த வையுங்கள். சாதாரண லாரிக்கு முன் அச்சு வெறும் இரும்புத் தண்டு. பூசணிக்காய் மாதிரி உருண்ட ஹவுசிங் பின்னால் மட்டும் இருக்கும். இதற்கு முன்னாலும் ஒரு பூசணி. நடுவில் தனியாக ஒரு பெட்டி, அதிலிருந்து முன்னால் ஒரு ஷாஃப்ட், பின்னால் ஒரு ஷாஃப்ட். நாலு சக்கரமும் இழுக்கும் என்பதற்கு அத்தாட்சி இதுதான். பின் பூசணியில் வெள்ளைப் பெயின்ட் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டில் ஹெட்லைட் போடாமல் வரிசையாகப் போகும்போது, சின்னக் கான்வாய் விளக்கு அந்த வெள்ளையில் மட்டும் வெளிச்சம் அடிக்கும். பின்னால் வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அப்புறம் சேஸிஸில் விரலை ஓட்டுங்கள். ஏலத்தில் எடுத்த பிறகு யாரோ போட்ட துளை, வேறு யாரோ வெல்டு வைத்து அடைத்த துளை, கமான் பட்டையில் பின்னால் சேர்த்த ஒரு இலை என்று வரிசையாகத் தட்டுப்படும். பட்டாளத்தை விட்டு வந்தபின் இந்த வண்டி எப்படிப் பிழைத்தது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. பட்டி போட்டு இழைத்து, எல்லாத் தழும்பையும் மறைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருக்கும் வண்டிகள் எனக்கு ஒட்டுவதில்லை. இவர் இடது மட்கார்டின் நசுங்கலை அப்படியே விட்டிருந்தார். அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

நிறத்தைப் பார்த்ததும் பலர் முகம் சுளிப்பார்கள். "மிலிட்டரி வண்டிங்கறீங்க, காப்பிப்பொடிக் கலர்ல இருக்குதுங்களே?" உரிமையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதிப்படி, பாதுகாப்புத் துறை அல்லாதவர்களின் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ரோட்டில் இறக்க நினைப்பவர் அந்தப் பச்சையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பச்சையைத் தேடுகிறவர்கள் கதவுக் கீல் பக்கம் போக வேண்டும். காப்பிப்பொடிக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் நகக்கண் அளவுக்குப் பச்சை.

அவர் ஒரு டார்ச்சை எடுத்து முன் பம்பரில் சாய்த்து அடித்தார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்ததும் பெயின்ட்டின் மேடு எழுந்து வந்தது: மேல்நோக்கிய ஓர் அம்பு, பக்கத்தில் 6, 8. ராணுவ எண் அந்த அம்பில்தான் ஆரம்பிக்கும். அடுத்த இரண்டு இலக்கம் வண்டி படையில் சேர்ந்த வருடம். எனக்கு அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கேள்வி கேட்கவும் ஒரு முறை உண்டு. "எல்லாரும் மைலேஜ்தானுங்க கேக்கறாங்க," என்று அலுத்துக்கொண்டார். "எந்தச் சாமான் கிடைக்கவே இல்லை, அதை யார் செய்து கொடுத்தது?" என்று கேளுங்கள். அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து தேய்ந்துபோன பித்தளை புஷ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இதைப் பார்த்து அளவெடுத்து, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறையில் மூன்று முறை கடைசல் பிடித்தார்களாம். முதல் இரண்டும் இறுக்கம். மூன்றாவது உட்கார்ந்தபோது லேத்காரர் காசு வாங்க மறுத்துவிட்டு, ஒரு ரவுண்டு கூட்டிப்போகச் சொன்னாராம்.

அந்த ரவுண்டு எனக்கும் கிடைத்தது. ஆனால் ஸ்டார்ட் ஆனதும் உடனே கேபினில் ஏறாமல், முதலில் கீழேயே நில்லுங்கள். தென்னைக்குக் கட்டியிருந்த வரப்பை ஒட்டி வண்டியை நிறுத்தி, அவர் அந்த நடுப் பெட்டிக்கான இரண்டாவது கம்பியைத் தள்ளினார். கண்ணை முன் சக்கரத்தில் வைத்திருந்தேன். மற்ற லாரிகளில் அது தள்ளப்படும் சக்கரம். இதில் அது மண்ணைக் கொத்திப் பிடித்து, மூக்கைத் தூக்கி, வண்டியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறியது.