போதையனார் செய்யுளும் செங்கோணக் கணக்கும்

தமிழரின் கணித அறிவுக்குச் சான்றாக இந்நாளில் அடிக்கடி எடுத்துக் கூறப்படுவது, போதையனார் என்னும் புலவர் பெயரால் வழங்கும் சிறு செய்யுள் ஒன்றாகும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண வழி கூறுவது அச்செய்யுள். கெடாவின் தோட்டப்புறங்களிலும், சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களிலும் தமிழார்வம் மிக்க அன்பர்கள் இதனை நன்கறிவர். பித்தாகரசுக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தமிழன் அவர் தேற்றத்தைக் கண்டான் என்றும், வர்க்கமூலம் இன்றியே விடை காண்பதால் தமிழன் வழியே மேலானது என்றும் ஒரு சாரார் மொழிகின்றனர். மற்றொரு சாராரோ, பழந்தமிழ்க் கணக்கு அனைத்துமே வெறும் பெருமைப் பேச்சு என்று எள்ளி நகையாடுகின்றனர். இவ்விரு சாராரும் செய்யாத செயல் ஒன்று உண்டு. அஃது, அச்செய்யுள் கூறும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பதேயாம்.

செய்யுளின் கருத்து எளிது. கிடையாக ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளிவிட வேண்டும். எஞ்சிய ஏழு கூற்றோடு உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். வருவதே கர்ணம்.

நீளம் 4, உயரம் 3 என்று கொள்வோம். 4இல் எட்டிலொரு பங்கு அரை. அது போக 3½. உயரத்தில் பாதி 1½. கூட்டினால் 5. விடை சரி. நீளம் 12, உயரம் 5 ஆயின், 10½உடன் 2½ சேர 13 ஆகும். இதுவும் சரியே. மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். கேட்போரும் கைதட்டி மகிழ்கின்றனர்.

ஆனால் ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் இதுவே. நீளம் 15, உயரம் 8 எனக் கொண்டால் கர்ணம் 17 ஆதல் வேண்டும். செய்யுளின்படி 17⅛ வருகிறது. நீளம் 24, உயரம் 7 எனில் 25 வரவேண்டும்; வருவதோ 24½. நீளமும் உயரமும் ஒன்றேயான சதுரத்தை எடுத்தால் பிழை இன்னும் மிகுகிறது. 12 அடிச் சதுர அறையின் மூலைவிட்டம் ஏறத்தாழ 16.97 அடி, செய்யுள் தருவது 16½ அடி. ஐந்து அங்குலத்துக்கு மேல் குறைவு. உயரம் நீளத்தினும் மிகுந்தாலோ விதி மேலும் தடுமாறும். 3ஐ நீளமாகவும் 4ஐ உயரமாகவும் மாற்றி வைத்தால் 5க்கு மாறாக 4⅝ வருவதைக் காண்க.

அவ்வாறாயின் இவ்விதி எங்கெங்குப் பொருந்தும்? சிறிது இயற்கணிதம் அறிந்த மாணவன் இதற்கு விடை கண்டுவிடலாம். உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை ஓர் எழுத்தாக வைத்து, இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்திச் சமன் செய்தால் இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதற்கு இரண்டே விடைகள்: ஒன்று நாலில் மூன்று, மற்றொன்று பன்னிரண்டில் ஐந்து. அதாவது, 3, 4, 5 வடிவமும், 5, 12, 13 வடிவமும், அவற்றின் மடங்குகளும் மட்டுமே இவ்விதிக்கு முற்றும் கட்டுப்படும். மூன்றாவது வடிவம் ஒன்று இல்லவே இல்லை. மேடையில் காட்டப்படும் இரண்டு எடுத்துக்காட்டுகளும் விதி பிழையாத இரண்டே இடங்களாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. செய்யுளை ஆக்கியவர் இவ்விரு முக்கோணங்களையும் அறிந்து, இரண்டுக்கும் பொருந்துமாறே விதியை வகுத்தார் என்று கருத இடமுண்டு.

இரண்டு எடுத்துக்காட்டு ஒத்து வந்தால் விதி நிலைபெற்றது என்று கொள்வது தருக்கமாகாது. இரண்டு மரத்தில் பால் நன்றாக வடிந்ததைக் கண்டு, நிரை முழுவதும் அவ்வாறே வடியும் என்று எந்தப் பால்மரத் தொழிலாளியும் கணக்கிடுவதில்லை. ஆயிரம் எடுத்துக்காட்டு ஒத்து வந்தாலும் பொதுவிதி மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ஒத்து வராத ஒன்றே அதனை வீழ்த்தப் போதும். பித்தாகரசு பெயரால் வழங்கும் தேற்றம் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் உரியது. அதற்கு நிறுவல் உண்டு. செய்யுள் கூறுவது தோராயக் கணக்கு. வர்க்கமூலம் வேண்டாமை அதன் மேன்மையைக் காட்டுவதன்று. சிறு பிழையைப் பொறுத்துக்கொண்டதற்குக் கிடைத்த வசதியே அது.

இனி, ஆசிரியர் யார் என்ற வினா. போதையனார் என்பவர், வடமொழியில் சுல்பசூத்திரம் இயற்றிய பௌதாயனரே என்று சிலர் கூறுவர். வேள்விக் களம் அமைப்போர்க்காக எழுந்த அந்நூல் பித்தாகரசுக்கு முற்பட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது. நீள்சதுரத்தின் மூலைவிட்டக் கயிறு தரும் பரப்பு, அதன் நீளமும் அகலமும் தனித்தனியே தரும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்ற உண்மை அதில் பொதுவிதியாகவே சொல்லப்பட்டுள்ளது. சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அந்நூல் தரும் அளவு, பக்கம் ஒன்றாயின் 1.4142157 ஆகும், ஐந்து தசம இடம் வரை பிழையில்லை. நம் செய்யுளின்படியோ அவ்வளவு 1.375. அத்துணை நுட்பமாக அளந்தவர், நூற்றுக்கு மூன்று பங்களவு பிழைபடும் விதியைத் தம் தேற்றமாகக் கூறியிருப்பாரோ? பெயர் ஒற்றுமை ஒன்றைக் கொண்டு இருவரையும் ஒருவராக்குதல் தகாது. செய்யுளின் நடையும் மிகப் பழையதாகத் தோன்றவில்லை. எந்த ஏட்டில், எந்தப் பதிப்பில் அஃது உள்ளது என்பதையும் எடுத்துரைப்போர் பெரும்பாலும் கூறுவதில்லை.

நிற்க. அங்ஙனமாயின் இச்செய்யுள் பயனற்றதோ எனின், அன்று. எள்ளி நகைப்போர் தவறுவது இங்கேதான். மேற்சொன்ன இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட சாய்வுகளில் இவ்விதியின் பிழை நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கூரை வேயும் தச்சரை எண்ணிப் பாருங்கள். வீட்டின் பாதி அகலம் 12 அடி, கூரையின் ஏற்றம் 7 அடி எனில், கைமரத்துக்குச் செய்யுள் தரும் நீளம் 14 அடி. உண்மை நீளம் ஏறத்தாழ 13.89 அடி. ஓர் அங்குலம் சற்று மிகும். அவ்விடைவெளியில் இவ்விதி எப்போதும் மிகையாகவே தரும், குறைவாகத் தராது. நீண்ட மரத்தை அறுத்துக் கொள்ளலாம். குட்டையான மரத்தை நீட்ட இயலுமோ?

மேலும், அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பகுத்துச் செல்வது தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் பழகிய முறை. எட்டிலொன்றைத் தள்ளுவது என்பது அரைக்காலைத் தள்ளுவதே, மனக்கணக்காகவே முடிந்துவிடும். கணிப்பொறிக்கும் பாதியாக்குதல் மிக எளிய செயல். 1993இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் கணினி விளையாட்டில், ஆடுவோருக்கும் எதிரே வரும் அரக்கர்க்கும் இடையேயுள்ள தொலைவை விரைந்து காண வேண்டியிருந்தது. வர்க்கமூலம் காண நேரமாகும் என்பதால், நீண்ட பக்கத்தோடு குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டும் வழியை அதன் ஆக்கியோர் கையாண்டனர். 4க்கும் 3க்கும் அவ்வழி 5½ என்று கூறும். தமிழ்ச் செய்யுளோ 5 என்றே கூறும். ஆயினும் 1997இல் வெளியிடப்பட்ட அவ்விளையாட்டின் நிரலில், அக்கணக்குக்குத் ‘தோராயத் தொலைவு’ என்ற பொருளிலேயே பெயரிடப்பட்டிருந்தது. தோராயத்தைத் தோராயம் என்று சொல்லியதால் அவர்கள் பெருமை குன்றவில்லை.

நம் கணித நூல்களைப் படிக்க வேண்டிய முறையும் இதுவே. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்ற விதி உண்டு. அது சிறிதும் பிழையற்றது; எவ்வட்டத்துக்கும் பொருந்தும். அதே நூலில், பலாப்பழத்தின் காம்பை ஒட்டிய முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்றும் காணப்படுகிறது. இதனைப் பழத்தை அறுத்து எண்ணித்தான் ஏற்கவோ தள்ளவோ முடியும். இரண்டும் ஒரே நூலில் உள்ளமையால் இரண்டும் ஒரே தரத்தன ஆகிவிடா. நிறுவத்தக்கது எது, சோதித்தறியத்தக்கது எது என்று பிரித்தறிவதே கற்றோர் கடன்.

இதனால் கேடு விளைவது இளையோர்க்கே. தமிழ்ப்பள்ளியில் இச்செய்யுளைப் பெருமையோடு மனனம் செய்த சிறுவன், இடைநிலைப் பள்ளியின் முதற்படிவத்தில் பித்தாகரசு தேற்றத்தைச் சந்திக்கின்றான். 24, 7 என்ற அளவுகளுக்கு 24½ என்று எழுதுகின்றான். பிற மாணவர் நடுவே நாணி நிற்கின்றான். அன்று அவன் ஐயுறுவது ஒரு செய்யுளை மட்டுமன்று. தமிழில் கேட்ட அனைத்தையுமே ஐயுறத் தொடங்குகின்றான். பிழையான பெருமை உண்மையான பெருமையையும் உடன் இழுத்துச் செல்லும்.

கெடாவைக் கடாரம் என்று தமிழர் பெருமிதத்தோடு அழைக்கின்றனர். 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு கூறுவதாலேயே அதனை உலகம் ஏற்கின்றது. வரலாற்றுக்குக் கல்வெட்டுக் கேட்கும் நாம், கணக்குக்கு நிறுவல் கேட்கத் தயங்குவது ஏன்? ஆசிரியர்கள் இச்செய்யுளை வகுப்பறையிலிருந்து விலக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதி, எங்கே பொருந்தும், எங்கே பிழைபடும், ஏன் என்று மாணவரையே காணச் செய்தல் வேண்டும். செய்யுளை ஆக்கியவர் யாராயினும், அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு அதனினும் வேறில்லை.