காய்ச்சலும் கூலிக் கணக்கும்: ‘எரியும் பனிக்காடு’ நாவலை ரந்தாவிலிருந்து வாசிக்க

தோட்டத் தொழிலாளர் கதையைக் கொடுத்துத் திறனாய்வு எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ‘தொழிலாளர்களின் அவல நிலையை ஆசிரியர் உருக்கமாகக் காட்டுகிறார்.’ சரி, அவலம். ஆனால் எதனால் அவலம்? அந்த ஒரு படி மேலே ஏற, பி.எச். டேனியல் எழுதிய நாவல் உங்களுக்குக் கைகொடுக்கும்.

‘ரெட் டீ’ என்று 1969-இல் ஆங்கிலத்தில் வந்த நாவல் இது. இரா. முருகவேளின் தமிழாக்கத்துக்குத்தான் ‘எரியும் பனிக்காடு’ என்று பெயர். டேனியல் வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அது எழுத்தில் தெரிகிறது. நோயை அவர் விதியாகவோ கண்ணீராகவோ பார்ப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறும் கருப்பனும் வள்ளியும் சிக்குவது ஒரு கணக்குக்குள். வேலைக்குப் போனால்தான் கூலி. படுத்துவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லையென்றால் கடன் அடையாது, ஊர் திரும்பும் நாளும் தள்ளிப்போகும். ஆக, காய்ச்சல் உடம்பை மட்டும் அல்ல, விடுதலையையும் தின்கிறது. நாவலின் மையம் இதுதான் என்பது என் கருத்து. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால் அதைக் குற்றமாக்கிய 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 1925 வரை இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் கங்காணியின் அதட்டலுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பது விளங்கும்.

குறையும் உண்டு. நல்ல மருத்துவர் ஆபிரகாம் வந்த பிறகுதான் கதையில் வெளிச்சம் வருகிறது. எழுதியவரே மருத்துவர், அந்தச் சாய்வு இயல்புதான். ஆனால் நோயாளி தானாக ‘இது எனக்குச் சேர வேண்டியது’ என்று கேட்கும் குரல் மெலிந்துபோகிறது. கிடைப்பதெல்லாம் ஒரு நல்ல மனிதரின் கருணையாகவே வருகிறது. இந்த நாவலை ஒட்டிப் பாலா எடுத்த ‘பரதேசி’ (2013) இன்னும் மோசம். அதில் மருத்துவர் மதம் பரப்பி ஆடிப்பாடும் ஆளாகிவிடுகிறார். நாவலில் கனமாக இருந்த மருத்துவப் பகுதி படத்தில் கேலிக்கூத்து. படம் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதும் மாணவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், கவனம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ரந்தாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தேயிலையில் கொழுந்து கிள்ளும்போது மயக்கம் வந்தால் கூடையை இறக்கி வைக்கலாம். ரப்பரில் அது முடியாது. விடியலிலேயே நிரை முழுக்க வெட்டியாச்சு, மங்கில் பால் நிறைஞ்சுக்கிட்டு இருக்கு, அப்போது குளிர்காய்ச்சல் வந்தால்? எடுக்காத பால் உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும். அப்போது புருஷனோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ வாளியைத் தூக்குவார்கள். வேலை நேரத்தில் வரும் நோய், வேலைக்குப் புறப்படுமுன் வரும் நோயைவிட ஏன் கொடியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மலேசியத் தோட்டத்தை வைத்து எழுதுகிற மாணவர் இந்த ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினாலே விடைக்குச் சொந்த முகம் வந்துவிடும்.

உரிமை என்ற சொல்லைப் போகிறபோக்கில் எழுதிவிடாமல் இருக்க, சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955, 60எஃப் பிரிவு. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18. ஐந்தும் அதற்கு மேலும் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். முன்பு இந்த 60-க்குள்ளேயே மற்ற நோய் விடுப்பும் அடங்கியது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது தனி. மருத்துவர் சீட்டு வேண்டும், விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது சொல்லாமல் நின்றதாகிவிடும். நாள்கூலியோ மாதச் சம்பளமோ, உள்ளூர்க்காரரோ செம்பனைத் தோட்டத்துக்கு வந்த வங்காளதேசத்துத் தம்பியோ, முறையான வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் இது பொருந்தும்.

இந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி டேனியலை வாசியுங்கள். கருப்பனுக்கு இல்லாமல் போனது மருந்து மட்டுமா? படுத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்ற ஒரே வரி அந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால் அவன் கடன் வளர்ந்திருக்குமா? ஆசிரியர்கள் இதையே வகுப்பில் கேள்வியாக வைக்கலாம். ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் நன்றாகவே சண்டை போடுவார்கள். விடையில் ‘அவலம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டுப் பாருங்கள்.