மண்ணும் தகைப்பும்: அருவமாக்கல் பற்றிய ஒரு குறிப்பு

தனிமனிதனைக் கணக்கிலெடாது சமூகத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்பது மார்க்சிய விமர்சகர் மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டாகும். இதனை ஆராயுமிடத்து, இலக்கியத்துக்குப் புறத்தேயுள்ள மண்பொறியியலின் அடிப்படைக் கருத்தொன்றை நோக்குவது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

மண் தொடர்ச்சியான பொருளன்று. எண்ணற்ற துணிக்கைகளின் திரளாகும். அவை ஒன்றையொன்று தொடும் சிறு புள்ளிகளிலேயே விசை கடத்தப்படுகின்றது. இடைவெளிகளில் நீரோ வளியோ நிற்கின்றது. அணைக்கட்டொன்றின் தொடுகைகள் அனைத்தையும் தனித்தனியே கணித்தல் இயலாது. ஆகவே பொறியியலாளர், ஒரு வெட்டுமுகத்தைக் கடக்கும் விசைகளின் கூட்டுத்தொகையை அம்முகத்தின் முழுப் பரப்பினாலும் வகுத்து, அதனைத் தகைப்பு என்பர். கார்ல் ரெர்சாகி 1925இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலோடு நவீன மண்பொறியியல் தொடங்குகின்றது. மொத்தத் தகைப்பிலிருந்து நீரமுக்கத்தைக் கழிக்க எஞ்சுவதே பயனுறு தகைப்பு. மண்ணின் உறுதி இதனையே சார்ந்தது என்பது அவர் நிலைநாட்டிய கோட்பாடு. நிலமட்டம்வரை அசையா நீர் நிறைந்த மண்ணில், 5 மீற்றர் ஆழத்தில் மொத்தத் தகைப்பு ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் எனின், அதிற் பாதி நீரமுக்கமாகும். மீதி 50 கிலோபஸ்காலே மண்ணைத் தாங்கி நிற்கின்றது.

இந்த 50 எந்தத் துணிக்கையிலும் இல்லை. தொடுகைப் புள்ளியில் உண்மையாக நிலவும் அமுக்கம் இதனிலும் பன்மடங்கு பெரிது. ஆயினும் மலைச்சரிவு நிற்பதும் வீழ்வதும் இந்த எண்ணின்படியே. இதனைக் கற்பனையென ஒதுக்குவோர் எதனை உண்மையென்பர்?

சராசரிக்கு ஒரு குறையுமுண்டு. துணிக்கைகளைத் தனித்தனியே கணிக்கும் முறையைக் கண்டலும் ஸ்ற்றாக்கும் 1979இல் வெளியிட்டனர். இத்தகைய கணிப்புகளிலும் ஒளியியற் பரிசோதனைகளிலும் புலனாவது யாதெனின், சில துணிக்கைத் தொடர்கள் பெருஞ்சுமையைத் தாங்க, அருகிலுள்ளவை ஏறத்தாழச் சுமையின்றியே கிடக்கின்றன என்பதாகும். இச்சமமின்மையைத் தகைப்பு மறைத்துவிடுகின்றது. 'வர்க்கம்' என்ற சொல்லை நம்முட் சிலர் இவ்வாறே கையாண்டுள்ளனர்; அதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால் அருவமாக்கலைக் கைவிடுதல் இதற்குப் பரிகாரமாகாது. வேல்ஸ் நாட்டின் அபர்வானில் 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி நிலக்கரிக் கழிவுக் குவியலொன்று சரிந்து 144 பேரைக் கொன்றது. அவருள் 116 பேர் சிறுவர். குவியலினுள் ஏறிய நீரமுக்கம் பயனுறு தகைப்பைக் குறைத்துவிட்டது. ரெர்சாகியின் நூல் வெளியாகி அப்போது 41 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1967இல் அறிக்கையிட்ட விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையையே பொறுப்பாளியாகக் கண்டது. இங்குத் தவறியது கோட்பாடன்று. குவியலை ஊற்றுகளின் மேல் எழுப்பியோரே தவறினர். அவ்வூற்றுகள் நில அளவைப் படங்களில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தன.